மேடை நடனக் கலைஞர் தொழிலாளியா? கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு முன்னுதாரணம்

புது தில்லி: நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஆள்குறைப்புக்கான வரம்பு, வேலைநிறுத்த அறிவிப்பு, செயலி வழியே வேலை செய்வோரின் நிலை ஆகியவையே விவாதப் பொருளாயின. தொழிற்சங்கங்களின் கவனம் அவற்றிலேயே நின்றது. அத்தொகுப்புகளில் ஒன்றான தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பில் உள்ள ஒரு சிறிய வரையறை அநேகமாக யார் கண்ணிலும் படவில்லை. 'ஒலி-ஒளித் தயாரிப்புத் தொழிலாளர்' என்பவர் யார் என்று கூறும் அந்த வரையறை, நடிகர், இசைக் கலைஞர், பாடகர், செய்தி வாசிப்பாளர் ஆகியோருடன் நடனக் கலைஞரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக் கொள்கிறது. எழுத்து வடிவ ஒப்பந்தம் இல்லாமல் அவரை வேலைக்கு அமர்த்தக் கூடாது. ஊதியம், வேலை நேரம், பாதுகாப்பு ஆகியவை அந்த ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும் என்கிறது.

கேமராவுக்கு முன்னால் ஆடுபவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. அதே கலைஞர் அதே நடனத்தை மாலையில் அரங்க மேடையில் ஆடினால், இந்த வரையறைக்குள் வரமாட்டார். ஊதியச் சட்டத் தொகுப்பைப் புரட்டினாலும் நிலைமை இதுவே. உடல் உழைப்பு, திறன் சார்ந்த வேலை, திறன் சாராத வேலை, தொழில்நுட்ப வேலை, எழுத்தர் வேலை, மேற்பார்வை வேலை என்று அங்கே நீளும் பட்டியலில் 'கலை' என்ற சொல் இல்லை. ஒலி-ஒளித் தயாரிப்பு பற்றிய வரையறையில் மட்டும் அச்சொல் இருக்கிறது. 1981-ம் ஆண்டின் திரைப்படத் தொழிலாளர் சட்டத்திலிருந்து அது இங்கே வந்து சேர்ந்தது. திரைத்துறையினர் சங்கம் வைத்துப் போராடிப் பெற்றதை மேடைக் கலைஞர்கள் பெறவில்லை என்று இதைச் சுருக்கமாகக் கூறலாம். ஆனால் விஷயம் அத்துடன் முடிவதில்லை.

உச்ச நீதிமன்றம் 2001-ல் அளித்த ஒரு தீர்ப்பு இந்த இடைவெளிக்குச் சட்ட வடிவம் தந்திருக்கிறது. போபாலில் 1982-ல் திறக்கப்பட்ட பாரத் பவன் கலை மையத்தில் 'ரங்கமண்டல்' என்ற நிரந்தர நாடகக் குழு இயங்கியது. கலைஞர்கள் மாதந்தோறும் ஊதியம் பெற்றனர். நேரத்துக்கு வந்து ஒத்திகை பார்த்தனர். வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது, தொழில் தகராறு சட்டத்தின் கீழ் நியாயம் கேட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. நாடகத்தில் நடிப்பது படைப்புச் செயல், அது சட்டம் கூறும் திறன் சார்ந்த வேலையோ தொழில்நுட்ப வேலையோ ஆகாது, ஆகவே அக்கலைஞர்கள் தொழிலாளர்கள் அல்லர் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. வழக்கு நாடகக் கலைஞர்கள் பற்றியது. எனினும், அதன் தர்க்கம் நடனத்துக்கும் அப்படியே பொருந்தும். படைப்பாளி என்ற மரியாதையே ஊதிய உரிமைக்குத் தடையாக அமைந்த விந்தை இது. கைவினைஞரின் படைப்புத் திறன் அவரது தொழிலாளர் தகுதியைக் குறைப்பதில்லை. நடிகருடையது மட்டும் ஏன் குறைக்க வேண்டும் என்பதற்கு அத்தீர்ப்பில் மனநிறைவு தரும் விளக்கம் இருப்பதாகத் தோன்றவில்லை.

இதன் விளைவை மற்ற நகரங்களைவிடக் கொல்கத்தாவில் தெளிவாகக் காணலாம். நவீன நடனத்துக்கு அங்கே நீண்ட மரபு உண்டு. மஞ்சுஸ்ரீ சாகி சர்க்காரும் அவரது மகள் ரஞ்சாபதியும் 1980களில் வளர்த்த 'நவ நிருத்யா' பாணி, ஆனந்த சங்கர், தனுஸ்ரீ சங்கர் ஆகியோரின் குழு, சுதர்சன் சக்கரவர்த்தி 1992-ல் தொடங்கிய 'சஃபையர் கிரியேஷன்ஸ்', விக்ரம் ஐயங்காரின் முயற்சியில் உருவான 'பிக்கிள் ஃபேக்டரி' நடன அறக்கட்டளை என்று பட்டியல் நீளும். மஞ்சுஸ்ரீ தமது அமைப்புக்கு 'டான்சர்ஸ் கில்டு' என்றே பெயரிட்டார். கில்டு என்பது ஐரோப்பாவில் கைவினைஞர்கள் கூலியையும் தரத்தையும் காக்க அமைத்துக் கொண்ட சங்கத்தின் பெயர்.

இத்தகைய குழுக்களின் இன்றைய தயாரிப்புகள் பெரும்பாலும் கூட்டு முயற்சிகள். பல குழுக்களிலிருந்து கலைஞர்கள் ஒரு படைப்புக்காக மட்டும் ஒன்றுசேர்கின்றனர். இசையமைப்பாளர் ஒருவர், ஒளியமைப்பாளர் ஒருவர், வெளிநாட்டுக் கலாசார மையம் ஒன்றின் சிறு நிதி என எல்லாம் கூடி இரண்டு அல்லது மூன்று மாத ஒத்திகைக்குப் பிறகு ஓரிரு நிகழ்ச்சிகள் நடைபெறும். பின்னர் எல்லோரும் பிரிந்துவிடுவர். சன்மானம் நிகழ்ச்சிக்கு மட்டுமே தரப்படுவது பரவலான வழக்கம். ஒத்திகைக்குப் போக்குவரத்துச் செலவு கிடைத்தால் பெரிது. ஒரு கணக்குக்காகப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 4 மணி நேரம் வீதம் 60 நாள் ஒத்திகை என்றால் 240 மணி நேரம். நிகழ்ச்சிக்கு ரூ. 3,000 வீதம் இரு நிகழ்ச்சிகளுக்கு ரூ. 6,000 கிடைத்தால், மணிக்கு ரூ. 25 ஆகிறது. மழையாலோ, அரங்கு கிடைக்காததாலோ ஒரு நிகழ்ச்சி ரத்தானால் அதிலும் பாதிதான். முழங்கால் சவ்வு கிழிந்தால் மருத்துவச் செலவு கலைஞருடையது. மீதி நாள்களில் பள்ளிகளில் வகுப்பு எடுத்தும், திருமண வரவேற்புகளிலும் நிறுவன விழாக்களிலும் ஆடியும் பிழைப்பை நடத்த வேண்டியிருக்கிறது.

இதற்கு ஏற்பாட்டாளர்கள் கூறும் விடை நேர்மையானதுதான். 'நாங்கள் முதலாளிகள் அல்லர். எங்களுக்கே நிதி இல்லை. ஓர் ஆண்டில் பத்துப் பேரிடம் ஆடும் ஒருவருக்கு யார் வருங்கால வைப்பு நிதி கட்டுவது?' என்று கேட்கின்றனர். நிலையான முதலாளி இல்லாத இடத்தில் தொழிலாளர் சட்டம் எப்படிச் செல்லுபடியாகும் என்பதே இக்கேள்வியின் சாரம்.

இந்தக் கேள்வி புதியதன்று. கொல்கத்தாவின் தென்மேற்கில் ஹூக்ளிக் கரையில் உள்ள கிடர்பூரில் ஒரு தலைமுறைக் காலம் இதே கேள்வி கேட்கப்பட்டது. அதற்கு விடையும் காணப்பட்டது. கேட்டவர்கள் நடனக் கலைஞர்கள் அல்லர், மூட்டை தூக்கியவர்கள்.

கிடர்பூர் கப்பல்துறை 1892-ல் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. இன்று ஒரு ஸ்டீவடோர் நிறுவனத்தின் சரக்கு, நாளை மற்றொன்றின் சரக்கு. ஆள் எடுக்கும் அதிகாரம் சர்தார்களிடம் இருந்தது. நம்மூர் வழக்கில் அவர்கள் கங்காணிகள். விடிகாலையில் வாயிலில் கூடும் கூட்டத்தில் யாரை அழைப்பது என்பதை அவர்களே தீர்மானித்தனர். அழைக்கப்படாதவர் வெறுங்கையுடன் திரும்பினார். எந்த ஸ்டீவடோரும் அவரைத் தம் தொழிலாளி என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள இயலாது என்பதே அவர்கள் வாதம்: 'ஒரு நாள் வருபவனுக்கு நாங்கள் எப்படி முதலாளி?'

விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1931-லேயே இதற்கு மாற்று வழி கூறியது. துறைமுகத் தொழிலாளரைப் பதிவு செய்து, இருக்கும் வேலையை அவர்களுக்குள் பகிர்ந்தளிக்க வேண்டும் என்றது. அரசு அசைய 17 ஆண்டுகள் ஆயின. இடையில் வேலைநிறுத்தங்கள் பல நடந்தன. 1947-ல் கல்கத்தா துறைமுகத்தில் நடந்தது நீண்ட ஒன்று. 1948-ல் துறைமுகத் தொழிலாளர் (வேலை முறைப்படுத்துதல்) சட்டம் நிறைவேறியது. 1950களின் தொடக்கத்தில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுகங்களில் அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பும் அடங்கிய வாரியங்கள் அமைந்தன.

அச்சட்டத்தின் சூட்சுமம் எளியது. முதலாளி யார் என்ற கேள்வியை அது ஒதுக்கி வைத்தது. தொழிலாளி வாரியத்தில் பதிவு செய்துகொள்வார். ஸ்டீவடோர்களும் வாரியத்தில் பதிவு செய்துகொள்வர். ஆள் தேவைப்படுவோர் வாரியத்திடம் கேட்டுப் பெறுவர். கூலியுடன் கூடுதலாக ஒரு தீர்வையும் செலுத்துவர். அந்தத் தீர்வைப் பணத்திலிருந்து விடுப்பு, வைப்பு நிதி, மருத்துவம் ஆகியவை நடக்கும். மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை நாள் கூலி என்ற உத்தரவாதம் உண்டு. வேலைக்கு வந்து, வேலை கிடைக்காமல் திரும்பினால் வருகைப்படி உண்டு. குறிப்பிட்ட வேலைக்கு அழைத்து, அது தொடங்காமலே போனால் அதற்கும் ஒரு தொகை உண்டு. திட்ட விதிகளில் அதன் பெயரே 'ஏமாற்றப் பணம்'. அரசு ஆவணங்களில் இவ்வளவு மனிதத் தன்மையுள்ள கலைச்சொல்லைக் காண்பது அரிது.

ரத்தான நிகழ்ச்சிக்கும் ஊதியமில்லா ஒத்திகைக்கும் இடையே அல்லாடும் ஒரு நடனக் கலைஞருக்கு, இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. பல முதலாளிகள், இடைவிட்ட வேலை, உடலே கருவி, காயமே முதல் ஆபத்து என இரு தொழில்களுக்கும் பொதுவானவை பல. மூட்டை தூக்குவது வேலை, ஆடுவது கலை என்ற எண்ணமே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் கிடர்பூர் பக்கமே தடயம் உண்டு. கப்பல்துறைக்கு மேற்கே அடுத்திருப்பது மட்டியாபுர்ஜ். அவத் நாட்டின் அரியணையிலிருந்து 1856-ல் ஆங்கிலேயரால் இறக்கப்பட்ட நவாப் வாஜித் அலி ஷா தம் எஞ்சிய வாழ்நாளை அங்குதான் கழித்தார். ஆண்டுக்கு ரூ. 12 லட்சம் ஓய்வூதியத்தில் லக்னோவின் நகல் ஒன்றை நதிக்கரையில் எழுப்பினார். கதக் கலைஞர்களும், பாடகர்களும், வாத்தியக்காரர்களும் அவர் நிழலில் வாழ்ந்தனர். 1887 செப்டம்பரில் நவாப் மறைந்தார். ஓய்வூதியம் நின்றது. உடைமைகள் ஏலம் போயின, கலைஞர்கள் சிதறினர். ஒரு புரவலரின் மரணத்துடன் முடிந்துபோகும் ஊதியம், உரிமை ஆகாது. ஐந்தாண்டுகள் கழித்து, மிக அருகிலேயே கப்பல்துறை திறக்கப்பட்டபோது அங்கு வந்தவர்களுக்கு அத்தகைய புரவலர் யாரும் இருக்கவில்லை. அதனாலேயே அவர்கள் சங்கம் கண்டனர் எனலாம்.

சுதந்திரத்துக்கு முந்தைய நவீன நடனமும் புரவலர் மரபிலேயே நடந்தது. உதய் சங்கர் 1930களின் இறுதியில் அல்மோராவில் தொடங்கிய கலாசார மையம், இங்கிலாந்தைச் சேர்ந்த நண்பர்களின் கொடையில் இயங்கியது. நிதி வற்றியதும் 1944-ல் மூடப்பட்டது. அந்த மையம் உருவாக்கிய படைப்புகளில் ஒன்று உழைப்பாளரையும் இயந்திரத்தையும் பற்றியது. ஆலைத் தொழிலாளியின் அவலத்தை உடலசைவில் காட்டிய கலைஞர்களின் சொந்த வேலைநிலை பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. அந்த மையத்தில் பணியாற்றிய சாந்தி பர்தன், இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மத்தியக் குழுவுக்காக 1944-ல் 'இந்தியாவின் ஆன்மா' என்ற நடன நாடகத்தை அமைத்தார். வங்கப் பஞ்சத்துக்காகவும் விடுதலைக்காகவும் ஆடிய அக்குழுவினர் பம்பாயில் ஒரே வீட்டில் கூடி வாழ்ந்து, சொற்ப உதவித்தொகையில் காலம் தள்ளினர். தியாகம் அங்கே இயல்பாகக் கருதப்பட்டது. இடதுசாரிக் கலை இயக்கமும் கலைஞரைத் தொண்டராகவே பார்த்தது என்பதைக் குறிப்பிட வேண்டும். தொழிற்சங்கத்துக்காக ஆடியவர்களுக்குத் தொழிற்சங்கம் அமையவில்லை.

மாறாக, உதய் சங்கர் தமது 'கல்பனா' படத்தை எடுத்து 1948-ல் வெளியிட்ட சென்னையின் ஜெமினி ஸ்டுடியோ, கலைஞர்களையும் மாதச் சம்பளத்தில் வைத்திருந்த நிறுவனம். ஒத்திகை நாளும் சம்பள நாளே. 'சந்திரலேகா'வின் முரசு நடனத்துக்குப் பல மாத ஒத்திகை நடந்தது என்றால், அதைச் சாத்தியமாக்கியது அந்த ஏற்பாடு. ஸ்டுடியோ முறை மறைந்த பின் அவ்விடத்தைச் சங்கம் நிரப்பியது. இன்று பெப்சி அமைப்பில் நடனக் கலைஞர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு; கால்ஷீட், பேட்டா, கூடுதல் நேர ஊதியம் ஆகியவை பேச்சுவார்த்தையில் முடிவாகின்றன. கோடம்பாக்கத்தில் பத்தாவது வரிசையில் ஆடுபவருக்கு உள்ள பேரம் பேசும் வலிமை, சர்வதேச விழாவுக்கு அழைக்கப்படும் நவீன நடனக் கலைஞருக்கு இல்லை.

மேடையையே உரிமைப் போராட்டத்தின் கருவியாக்கிய ஒரு குழுவும் கொல்கத்தாவில் இருக்கிறது. அது எந்த நடனப் பள்ளியிலிருந்தும் வந்ததன்று. பாலியல் தொழிலாளர் அமைப்பான 'துர்பார் மகிளா சமன்வய கமிட்டி' 1995-ல் சோனாகாச்சியில் உருவானது. மருத்துவர் ஸ்மரஜித் ஜனா 1992-ல் தொடங்கிய நோய்த் தடுப்புத் திட்டமே அதன் வித்து. பின்னர் அது கிடர்பூர் உள்ளிட்ட நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. அந்த அமைப்பின் கலைப் பிரிவு 'கோமல் காந்தார்'. நமது கர்நாடக இசையில் சாதாரண காந்தாரம் எனப்படும் சுரத்தின் பெயர் அது. மக்கள் நாடக மன்றத்தில் ஏற்பட்ட பிளவைப் பின்னணியாகக் கொண்டு ரித்விக் கட்டக் 1961-ல் எடுத்த படத்துக்கும் அதே பெயர்.

பெண்களும், அவர்களின் பிள்ளைகளும், திருநங்கையரும் சேர்ந்து ஆடியும் நடித்தும் அக்குழு முன்வைத்த கோரிக்கை, அனுதாபம் அன்று. தொழிலாளர் என்ற அங்கீகாரம். 1997 நவம்பரில் கொல்கத்தாவில் நடந்த அவர்களின் முதல் தேசிய மாநாட்டிலும் அதுவே முழக்கம். தங்களைக் கேளிக்கைத் துறைத் தொழிலாளராக அரசுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் தொடர்ந்து கேட்டு வந்துள்ளனர். உச்ச நீதிமன்றம் 2022 மே 19-ல் பிறப்பித்த உத்தரவு, அவர்களுக்கும் கண்ணியமான வாழ்வு உரிமை உண்டு என்றது. ஆதார் அட்டை பெற வழி செய்தது. தொழிலாளர் பட்டியல் பற்றிய கோரிக்கை அவ்வாறே நிற்கிறது. இந்தக் குழுவையும் நவீன நடனக் கலைஞர்களையும் ஒரே தட்டில் வைப்பது இரு தரப்புக்கும் நியாயம் ஆகாது. எனினும், 'எங்கள் உழைப்பை உழைப்பு என்று அழையுங்கள்' என்று மேடையேறிச் சொல்லும் துணிவு எங்கே முதலில் தோன்றியது என்பது கவனத்துக்குரியது.

நடனம் தொழிலா என்ற கேள்வியை நீதிமன்றங்கள் நேரடியாகச் சந்தித்தது மும்பை மதுக்கூட நடன வழக்கில். மகாராஷ்டிர அரசு 2005-ல் தடை விதித்தது. மூன்று நட்சத்திர விடுதிகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் விலக்கு அளித்தது. 2006-ல் பம்பாய் உயர் நீதிமன்றமும், 2013 ஜூலை 16-ல் தலைமை நீதிபதி அல்தமஸ் கபீர் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வும் அத்தடையை ரத்து செய்தன. நட்சத்திர விடுதியில் கண்ணியமாக இருக்கும் நடனம் சாதாரண மதுக்கூடத்தில் மட்டும் ஒழுக்கக்கேடாகிவிடுமா என்பதே நீதிமன்றம் எழுப்பிய கேள்வியின் சாரம். விரும்பிய தொழிலைச் செய்யும் அரசியல் சாசன உரிமையின் கீழ் அந்தப் பெண்களின் நடனம் வந்தது.

மகாராஷ்டிரம் 2016-ல் புதிய சட்டம் கொண்டுவந்தது. எழுத்து ஒப்பந்தம், வங்கிக் கணக்கில் ஊதியம், மாதச் சம்பளம் ஆகியவற்றை நிபந்தனையாக்கியது. 2019 ஜனவரி 17-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், முதல் இரண்டையும் ஏற்றது. மாதச் சம்பளம் என்ற கட்டாயத்தை ஏற்கவில்லை. ஒரே கலைஞர் பல இடங்களில் ஆடிப் பொருளீட்டும் உரிமையை அது தடுக்கும் என்பது காரணம். வாதம் சரியானது. ஆனால், பல இடங்களில் ஆடுபவருக்கு விடுப்பும் வைப்பு நிதியும் எங்கிருந்து வரும் என்பதற்கு அதில் வழி இல்லை. கிடர்பூரில் 1950களில் வாரியம் செய்த வேலைக்கு இங்கே ஆள் இல்லை.

அரசின் பிற துறைகள் என்ன செய்கின்றன? மத்திய கலாசார அமைச்சகத்தின் குழு மானியத் திட்டத்தில் குருவுக்கு மாதம் ரூ. 15,000, சீடருக்கு வயதைப் பொறுத்து ரூ. 2,000 முதல் ரூ. 10,000 வரை தரப்படுகிறது. அரசுக் கோப்பிலும் அவர்கள் குருவும் சீடருமே. சீடர் கூலி கேட்பதில்லை என்பது மரபு. சரக்கு, சேவை வரியிலோ வேறொரு வேடிக்கை. நிகழ்ச்சிக்கு ரூ. 1.5 லட்சம் வரை பெறும் கலைஞருக்கு வரிவிலக்கு உண்டு. நாட்டுப்புறக் கலைக்கும் செவ்வியல் கலைக்கும் மட்டும். இரண்டிலும் சேராத நவீன நடனம் விலக்கிலும் சேராது. ஆண்டு வருவாய் பதிவு வரம்பை எட்டாததால் பெரும்பாலோர் தப்பிக்கின்றனர் என்பது வேறு விஷயம்.

மேற்கு வங்க அரசு 2014-ல் தொடங்கிய 'லோக் பிரசார்' திட்டத்தில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு மாதம் ரூ. 1,000, நிகழ்ச்சிக்கு ரூ. 1,000 என்று வழங்கப்பட்டது. லட்சத்துக்கும் அதிகமானோர் பயன்பெற்றனர். வறிய கலைஞர்களுக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. அரசுத் திட்டங்களை விளம்பரப்படுத்தும் பாடல்களும் அவர்களிடமிருந்து எதிர்பார்க்கப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழகத்தில் 2007-ல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம், பெயருக்கேற்ப, நாட்டுப்புறக் கலைகளுக்கானது. கல்வி உதவி, திருமண உதவி, விபத்து நிவாரணம் ஆகியவற்றை அது தருகிறது.

கர்நாடகம் ஒரு படி மேலே சென்றுள்ளது. 2024-ல் நிறைவேறிய அம்மாநிலச் சட்டம் திரைத்துறையினருடன் கலாசாரச் செயல்பாட்டாளர்களையும் ஒரே நல வாரியத்தின் கீழ் கொண்டுவருகிறது; திரையரங்கச் சீட்டின் மீதும் ஓடிடி சந்தாவின் மீதும் 1 முதல் 2 சதவீதம் வரை தீர்வை விதிக்க வழி செய்கிறது. துறைமுக வாரியத்தின் தீர்வை முறை இங்கே வேறு உருவில் திரும்பி வந்துள்ளது. இருப்பினும் அது நலத்துக்கான நிதி. ஒத்திகை நாளுக்கு ஊதியம் வாங்கித் தரும் அதிகாரம் அந்த வாரியத்துக்கு இல்லை. இந்திய அரசுகள் கலைஞருக்கு நிவாரணம் தரத் தயங்குவதில்லை. அவர் பேரம் பேசுவதற்கு இடமளிக்கத்தான் தயக்கம்.

பிரான்ஸில் இந்தத் தயக்கம் எப்போதோ விலகிவிட்டது. 12 மாதங்களில் 507 மணி நேரம் வேலை செய்ததாகக் காட்டும் மேடைக் கலைஞருக்கு, வேலையில்லா நாள்களில் காப்பீட்டுத் தொகை கிடைக்கிறது. அங்கே ஒத்திகையும் வேலை நேரமே. அந்த விதிகளை 2003-ல் இறுக்க முயன்றபோது கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்து, புகழ்பெற்ற அவின்யோன் நாடக விழாவையே ரத்தாக வைத்தனர். தென் கொரியா ஓர் இளம் திரைக்கதையாசிரியர் வறுமையில் இறந்ததை அடுத்து 2011-ல் கலைஞர் நலச் சட்டம் இயற்றியது. கலைஞரின் தொழில் நிலை குறித்து யுனெஸ்கோ 1980-லேயே பரிந்துரை ஒன்றை ஏற்றுள்ளது.

துறைமுக வாரியத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நடன மேடையில் நட்டுவிட முடியாது. கன்டெய்னர்கள் வந்து கைவேலை குறைந்த பின், வாரியங்கள் மிகை ஆள்களாலும் உயர்ந்த தீர்வையாலும் தள்ளாடின. பெரிய துறைமுகங்களில் அவற்றை விலக்கிக் கொள்ள வகை செய்து 1997-ல் தனிச் சட்டமே வந்தது. பதிவு அட்டை வாரிசுச் சொத்து போலானது என்ற குறையும் உண்டு. நடனத்தில் வேறொரு சிக்கல் இருக்கிறது: மூட்டை தூக்க யாரையும் அனுப்பலாம், ஒரு படைப்புக்கு யார் ஆட வேண்டும் என்பதை நடன அமைப்பாளர்தான் முடிவு செய்ய முடியும். வாரியம் ஆள் அனுப்புவது அங்கே நடவாது. சிறு குழுக்களின் மீது தீர்வை விதித்தால், குழுவே கலைந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே, தேர்வு செய்யும் உரிமை கலைக்குழுவிடம் இருக்க, கூலிக் கணக்கும் தீர்வையும் மட்டும் வாரியத்திடம் வரும் ஏற்பாடே சாத்தியம். தீர்வையைச் செலுத்த வேண்டியோர் குழுக்கள் அல்லர். விழா நடத்துவோரும் விளம்பரதாரர்களும்தான்.

தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலங்களும் சட்டம் இயற்றலாம். மகாராஷ்டிரத்தின் 1969 மாத்தாடித் தொழிலாளர் சட்டமும், தமிழகத்தின் 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் அவ்வாறு வந்தவையே. ஆனால், சட்டத்துக்குக் காத்திராமலே செய்யக்கூடியதும் உண்டு. நாட்டில் நடன நிகழ்ச்சிகளுக்கு ஏற்பாடு செய்வோரில் மத்திய அரசு முக்கியமானது. சங்கீத நாடக அகாதெமி, தஞ்சாவூரிலும் கொல்கத்தாவிலும் உள்ளவை உள்ளிட்ட ஏழு மண்டலக் கலாசார மையங்கள், குடியரசு தின விழா, வெளிநாட்டுக் கலைவிழாக்கள் என ஆண்டு முழுவதும் கலைஞர்களை அழைப்பது அரசே. அந்த அழைப்புக் கடிதங்களில் இன்று மதிப்பூதியமும் பயணப்படியும் இருக்கின்றன. ஒத்திகை நாள்களுக்கு ஊதியம், ரத்தானால் இழப்பீடு, காயத்துக்குக் காப்பீடு ஆகிய மூன்றையும் அவற்றில் சேர்த்தால், தனியார் விழாக்களுக்கும் ஓர் அளவுகோல் கிடைக்கும். அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. கலாசார அமைச்சகத்தின் சுற்றறிக்கை ஒன்று போதும்.